மதுவுக்கு ஓர் எண், மருந்துக்கு எது? போதையில் வாகனஞ் செலுத்துதலை எண்பித்த வரலாறு

குற்றமொன்றினைச் சட்டத்தில் எழுதிவைப்பதும் அதனை நீதிமன்றில் எண்பிப்பதும் வெவ்வேறு கருமங்கள். முன்னையதற்குச் சட்டமன்றத்துப் பெரும்பான்மை போதும். பின்னையதற்குச் சாட்சியம் வேண்டும். எது சாட்சியமாகலாம் என்பதை அறிவியல் சொல்கின்றது. அது போதுமா என்பதை நீதிமன்றம் சொல்கின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எட்டாதவாறு நெடுங்காலம் விலகிநின்ற துறைகளுள் போதையில் வாகனஞ் செலுத்துதல் பற்றிய சட்டமும் ஒன்றாகும்.

பிரித்தானியாவின் 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், மதுவின் அல்லது மருந்தொன்றின் ஆதிக்கத்துக்குட்பட்டு, வாகனத்தைச் செவ்வனே கட்டுப்படுத்த இயலாத நிலையில் அதனைச் செலுத்துதல் குற்றமென விதித்தது. மது, மருந்து என்னும் இரு சொற்களும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நின்றன. இலங்கையின் 1951 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இவ்விரண்டினையும் ஒரே பிரிவிற் சேர்த்தே பேசிற்று. ஆயின், பிரித்தானியாவில் மதுவுக்கு ஓர் எண் வாய்ப்பதற்கு 1967 வரை, அதாவது 37 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. மருந்துக்கு எண் வாய்த்தது 2015 இலேயாகும். அருகருகே நின்ற இரு சொற்களுக்கிடையே ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளி ஏன் ஏற்பட்டது என்பதும், அவ்விடைவெளியிற் குற்றஞ்சாட்டப்பட்டோர் எத்தகைய சாட்சியத்தின் பேரிற் தண்டிக்கப்பட்டனர் என்பதும் வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கன.

மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு முன்னரே இக்குற்றம் தோன்றிவிட்டது. 1872 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மதுவிற்பனை உரிமச் சட்டம், வண்டி, குதிரை, கால்நடை, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் பொதுவழியில் வெறியுடன் நடத்திச் செல்வோரைத் தண்டித்தது. 1897 இல் இலண்டன் நகரின் மின்வாடகை வண்டிச் சாரதி ஒருவர் தமது வண்டியைக் கட்டடமொன்றில் மோதித் தண்டம் செலுத்திய நிகழ்ச்சியே, வெறியில் மோட்டார் வாகனஞ் செலுத்தியமைக்காக வழங்கப்பட்ட முதற் தண்டனையெனப் பொதுவாகக் கூறப்படுவது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால் எண்பிக்கும் தேவை எழவில்லை. மறுத்திருப்பின் என்ன சாட்சியம் இருந்திருக்கும்? கண்டவர் சொல்லும் பொலிசாரின் சொல்லுமேயன்றி வேறில்லை.

1925 இல் இயந்திர வாகனங்களுக்கெனத் தனி விதி வந்தபின்னர் இச்சொற்களுக்கு வைத்தியர் துணைநின்றனர். பொலிஸ் நிலையத்துக்கு அழைக்கப்பட்ட வைத்தியர், சாரதியை நிலத்திற் கீறிய கோட்டின் மீது நடக்கச் செய்வார்; நாக்குப் புரளும் சொற்றொடர்களைச் சொல்லச் சொல்வார்; மூச்சை முகர்வார்; கண்மணியைப் பார்ப்பார்; எழுதச் சொல்லிக் கையெழுத்தை ஒப்பிடுவார். இச்சோதனைகளின் வலுவின்மையை வைத்தியர்களே நன்கறிந்திருந்தனர். பிரித்தானிய வைத்தியச் சங்கம் 1927 இலும் மீண்டும் 1954 இலும் வெறியை இனங்காணும் வழிகள் பற்றி அறிக்கை வெளியிட நேர்ந்தமை இதற்குச் சான்றாகும். தலையிற் காயமுற்றவனும், காய்ச்சலுற்றவனும், விபத்தின் அதிர்ச்சியால் நடுங்குபவனும் அக்கோட்டில் நேராக நடக்கமாட்டான். மாறாக, குடித்துப் பழகியவன் நேராக நடந்துவிடுவான். யூரிமார் பலர் தாமும் வாகனஞ் செலுத்துவோர். தாமும் விருந்தொன்றிலிருந்து வீடு திரும்பியோர். எதிரிக் கூண்டில் நிற்பவனிடத்திற் தம்மையே கண்ட அவர்கள், ஐயத்தின் பயனை அவனுக்கு வழங்கத் தயங்கவில்லை.

இந்நிலையினை மாற்றியது சட்டமன்றக்காரர் பணியன்று. உடலிரசாயன அறிஞர் பணியே. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் விட்மார்க், விரல் நுனியிலிருந்து எடுக்கும் சில துளிக் குருதியில் மதுசாரத்தை அளக்கும் முறையொன்றினை 1922 இல் வெளியிட்டார். மதுசாரம் உடலின் நீரெங்கும் சீராகப் பரவுகின்றது; பெரும்பாலும் மாறா வேகத்தில் அகல்கின்றது; ஆதலின் ஒரு வேளையில் எடுத்த அளவிலிருந்து முன்னைய வேளையின் அளவினைப் பின்னோக்கிக் கணிக்கலாம் என்பன அவர்தம் ஆய்வின் பயன்கள். 1936 இல் நோர்வே உலகிலேயே முதன்முதலாகக் குருதி மதுசாரத்துக்குச் சட்டபூர்வமான எல்லையை வகுத்தது. அவ்வெல்லை ஆயிரத்துக்கு அரை என்பதாகும். 1941 இற் சுவீடன் அதனைப் பின்பற்றியது.

ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்து றோல்லா ஹார்ஜர் மூச்சிலிருந்து மதுசாரத்தை அளக்கும் கருவியை அமைத்தார். இந்தியானா மாநிலப் பொலிசில் அறிவியற் பிரிவிற் பணிபுரிந்த றொபேட் போர்க்கன்ஸ்ரைன் 1954 இல் அதனினும் கையாள எளிதான கருவியைச் செய்தார். அவரே பின்னர் கிறான்ட் றபிட்ஸ் நகரில், விபத்துக்குட்பட்ட ஏறக்குறைய 6,000 சாரதிகளையும் விபத்துக்குட்படாத 7,500க்கு மேற்பட்ட சாரதிகளையும் ஒப்பிட்டு, குருதி மதுசாரம் உயர உயர விபத்தின் வாய்ப்பு எவ்வாறு ஏறுகின்றதென 1964 இல் வெளியிட்டார். இவ்வாய்வு வாய்த்தமையாற்றான் பிரித்தானிய அமைச்சர் பார்பரா காஸிலின் 1967 ஆம் ஆண்டு வீதிப் பாதுகாப்புச் சட்டம் 100 மில்லிலீற்றர் குருதியில் 80 மில்லிகிராம் என்னும் எல்லையினைத் துணிந்து விதிக்க முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 9 ஆந் திகதி முதல், சாரதி தள்ளாடினாரா என்பது கேள்வியாக இருக்கவில்லை. எண் கடந்ததா என்பதே கேள்வியாயிற்று.

மதுசாரத்தின் இவ்வெற்றியே மருந்தின் வரலாற்றுக்கு இடர் விளைத்தது எனலாம். மது அளக்கப்பட்டவாறே மருந்தும் ஒருநாள் அளக்கப்படும் என்ற எதிர்பார்ப்பு அரசுகளிடத்தும் பொதுமக்களிடத்தும் வேரூன்றிற்று. மதுசாரம் ஒரே பொருள். மருந்து என்பதோ ஒரு சொல் மட்டுமே.

அச்சொல்லின் பொருளே முதலில் வழக்குக்குள்ளாயிற்று. தமிழில் மருந்து வேறு, போதைப்பொருள் வேறு. நோய் தீர்ப்பதை ஒரு சொல்லாலும் அறிவு மயக்குவதை மற்றொரு சொல்லாலும் குறிப்பது நம் வழக்கு. ஆங்கிலச் சட்டம் பயன்படுத்திய சொல் இரண்டினையும் தழுவியது. 1957 இல் இன்சுலின் ஏற்றிக்கொண்ட நீரிழிவு நோயாளி ஒருவர் குருதியிற் சர்க்கரை தாழ்ந்து நிலைதடுமாறிய வழக்கில், இன்சுலினும் இச்சட்டத்தின் நோக்கில் மருந்தே என இங்கிலாந்தின் மேனிலை நீதிமன்றம் தீர்த்தது. வைத்தியர் சொற்படி உயிர் காக்கும் மருந்தை எடுத்தவரும், வெறிக்காக உண்டவரும் ஒரே பிரிவுக்குள் நின்றனர். 1983 இல் ஒட்டுபசையை முகர்ந்து மயங்கிய ஒருவரின் வழக்கில், பசையிலுள்ள ரொலுயீனும் மருந்தெனக் கொள்ளப்பட்டது. எந்த வைத்தியரும் எந்நாளும் எழுதிக்கொடாத பொருள் அது! ஆகவே உடலுக்குள் புகுந்து சாரதியின் திறனை மாற்றவல்ல எதுவும் மருந்தாகும் என்ற நிலை உறுதியாயிற்று. 1962 ஆம் ஆண்டுச் சட்டம், வாகனத்தைச் சரிவரச் செலுத்தும் ஆற்றல் குன்றியிருத்தலே போதுமெனக் குற்றத்தின் வரைவிலக்கணத்தைத் தளர்த்தியிருந்தது. எனினும் அக்குன்றலை மருந்தொன்றே விளைவித்தது என எண்பிக்கும் சுமை வழக்குத்தொடுநரின் தோளிலேயே இருந்தது.

மருந்து ஏன் மதுசாரம் போல அளவுகோலுக்குள் அடங்கவில்லை என்பதற்குக் கஞ்சாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் மயக்கும் கூறாகிய ரி.எச்.சி. என்பதனை இஸ்ரேல் நாட்டைச் சேர்ந்த ரஃபாயேல் மெக்குலமும் யெகியல் கயோனியும் 1964 இற் பிரித்தெடுத்தனர். கஞ்சா புகைத்தவரின் குருதியில் அது சில நிமிடங்களுள் உச்சத்தை அடைந்து, ஓரிரு மணி நேரத்துள் மிகவிரைந்து வீழ்கின்றது. மயக்கமோ அவ்வேகத்தில் வீழ்வதில்லை. கொழுப்பில் ஊறும் இயல்பினதாதலின், நாள்தோறும் புகைப்பவரின் குருதியில் அது பல நாட்களுக்குப் பின்னரும் சிறிதளவாக எஞ்சிநிற்கும். ஆகவே, மயங்கிய நிலையிற் பிடிபட்ட ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொணர்ந்து குருதி எடுப்பதற்குள் எண் தாழ்ந்துவிடலாம். தெளிந்த நிலையிலுள்ள மற்றொருவரிடம் அதே எண் காணப்படலாம். சிறுநீரிற் காணப்படும் எச்சப்பொருளோ மயக்கத்தை விளைவிப்பதன்று, கிழமைக்கணக்காக நிற்பது. அபின் வகைகளிலும் தூக்க மருந்துகளிலும் இடர்ப்பாடு வேறுவகையானது. பழகியவர் ஒருவருக்குச் சாதாரணமான அளவு, பழகாதவர் ஒருவரைச் சாய்த்துவிடும். சிலவேளைகளில் மருந்தை உட்கொள்ளாமையே சாரதியின் திறனைக் கெடுக்கின்றது.

இவ்விடர்ப்பாட்டினை முதன்முதலில் நடைமுறையில் எதிர்கொண்டோர் அறிஞரல்லர், வீதிப் பொலிசாரே. 1970களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிஸ் அதிகாரிகள் ஒரு விநோதத்தை அவதானித்தனர். வாகனத்தைத் தள்ளாடச் செலுத்தி, நிற்கவும் இயலாத நிலையிற் பிடிபட்டோர் சிலரிடம் மூச்சுச் சோதனை செய்தபோது மதுசாரம் மிகக் குறைவாகவோ அறவே இன்றியோ இருந்தது. கருவி அவர்களைக் குற்றமற்றோர் என்றது. கண் அவ்வாறு சொல்லவில்லை. வைத்தியர்களை அழைத்தால் அவர்களிற் பலர் வரத் தயங்கினர். வந்தோரும் வீதிகளிற் புழங்கிய பொருள்களின் குறிகளை அறியும் பயிற்சி பெற்றிலர். இந்நிலையில், போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்த டிக் ஸ்ரடார்ட், போதைப்பொருட் பிரிவைச் சேர்ந்த லென் லீட்ஸ் என்னும் இரு சார்ஜன்ற்மார், வைத்தியர்களையும் உளவியலாளரையும் மருத்துவ நூல்களையும் நாடி, ஒவ்வொரு மருந்தும் உடலிற் பதிக்கும் அடையாளங்களைத் தொகுக்கலாயினர். 1979 இல் அந்நகரப் பொலிஸ் திணைக்களம் இம்முயற்சியை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

அவர்கள் வகுத்த முறை பன்னிரண்டு படிகளைக் கொண்டது. முதலிற் மூச்சுச் சோதனை; மதுசாரமே காரணமாயின் மேலே செல்லவேண்டியதில்லை. பின்னர், கைதுசெய்த அதிகாரியை வினாவுதல். அதன்பின் சாரதியிடம் நோய், காயம், உட்கொள்ளும் மருந்து ஆகியன பற்றிய வினாக்களும் முதலாம் நாடித்துடிப்பும். இப்படி மிக முக்கியமானது. நோயாளியைக் குற்றவாளியாகக் கொள்ளாது வைத்தியசாலைக்கு அனுப்புவதற்கான வாயில் இதுவே. தொடர்ந்து கண்ணசைவுச் சோதனைகள், ஒரே வேளையில் இரு கருமங்களிற் கவனஞ் செலுத்தவேண்டிய நடைச் சோதனைகள், குருதியமுக்கம், உடல்வெப்பம், இரண்டாம் நாடி, இருளறையில் வெவ்வேறு ஒளியிற் கண்மணியின் விரிவை அளத்தல், தசைகளின் இறுக்கம், ஊசித் தழும்பும் மூன்றாம் நாடியும், சாரதியின் கூற்று, அதிகாரியின் முடிபு, இறுதியிற் குருதி அல்லது சிறுநீர் ஆய்வு. மருந்துகள் யாவும் ஏழு வகைக்குள் அடக்கப்பட்டன: நரம்பு மண்டலத்தை ஒடுக்குவன, ஊக்குவன, மாயத்தோற்றந் தருவன, பீ.சி.பி. போன்று உணர்வைப் பிரிப்பன, அபின் சார்ந்தன, முகர்வன, கஞ்சா என.

இம்முறையின் கூர்மை கண்ணிலேயே தங்கியுள்ளது. அபின் வகை கண்மணியை ஊசிமுனையாகச் சுருக்கும். கொக்கெயினும் அம்பெற்றமீனும் அதனை விரிக்கும். ஒடுக்கும் மருந்துகளும் பீ.சி.பி.யும் உட்கொண்டவர் பக்கவாட்டிற் செல்லும் எழுதுகோலைத் தொடரும்போது விழி துள்ளித்துள்ளி அசையும். கஞ்சாவில் அத்துள்ளல் இல்லை, கண் சிவத்தலும் இருவிழியும் மூக்கை நோக்கி ஒன்றுகூட மாட்டாமையும் காணப்படும். விழித்துள்ளல், ஒன்பது அடி குதிகாலும் விரலும் ஒட்ட நடந்து திரும்புதல், 30 விநாடி ஒற்றைக்காலில் நிற்றல் ஆகிய மூன்றினையும் மார்சலின் பேர்ண்ஸ், ஹேர்பேட் மொஸ்கோவிற்ஸ் என்னும் உளவியலாளர் இருவர், மதுவெறியைக் கண்டறிதற்பொருட்டு 1977 இல் வெளியிட்ட ஆய்வில் முறைப்படுத்தியிருந்தனர். பழைய இங்கிலாந்து வைத்தியரின் கோட்டு நடை எண்ணும் புள்ளியும் பெற்று மீண்டும் வந்தது எனக் கூறின் பிழையாகாது. அன்று வைத்தியர் கண்டு சொன்னதை இன்று பொலிஸ் அதிகாரி கண்டு சொன்னார் என்பதே வேறுபாடு. அவ்வேறுபாடு சிறிதன்று: கைது செய்யும் திணைக்களத்தைச் சேர்ந்தவரே நோயறிவோராகவும் நிபுணச் சாட்சியாகவும் ஆயினர்.

இதனைச் சோதிக்க அரசு முற்பட்டது. 1984 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொண்டர்களுக்குக் கஞ்சா, டயஸிபாம், செக்கோபாபிற்றல், அம்பெற்றமீன் ஆகியவற்றுள் ஒன்று அல்லது வெறும் போலி மருந்து கொடுக்கப்பட்டது. யார் எதனை உட்கொண்டார் என்பதை அறியாத லொஸ் ஏஞ்சலிஸ் அதிகாரிகள் அவர்களைப் பரிசோதித்தனர். வலிய அளவினை உட்கொண்டோரை அவர்கள் நன்கு இனங்கண்டனர். மெலிந்த அளவினை உட்கொண்டோர் விடயத்தில் அத்துணைத் திறமை காணப்படவில்லை. அடுத்த ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலேயே கைதான 173 பேரைக் கொண்டு கள ஆய்வு நடைபெற்றது. மருந்தின் ஆதிக்கத்தில் உள்ளாரென அதிகாரிகள் முடிவுசெய்தோரில் நூற்றுக்கு 94 வீதமானோரின் குருதியில் மதுசாரமல்லாத மருந்து காணப்பட்டது.

இவ்வெண் பல நீதிமன்றங்களில் எடுத்தோதப்பட்டது. ஆயினும் அதனைச் சற்று நின்று நோக்குதல் தகும். அந்த 173 பேரும் ஏற்கெனவே ஐயத்தின் பேரிற் கைதானவர்கள். அவர்களிடையே மருந்து உட்கொண்டோர் மிக்கிருத்தல் இயல்பு. மேலும், குருதியில் மருந்து இருந்தமை அதிகாரியின் ஒரு கூற்றை மட்டுமே உறுதிப்படுத்துகின்றது. அம்மருந்தினாற் சாரதியின் திறன் குன்றிற்று என்ற மற்றைய கூற்றே குற்றத்தின் உயிர்நிலை. அதனைக் குருதி சொல்லவில்லை. ஆய்வுகூடத்து ஆய்வு மெலிந்த அளவிற் காட்டிய தடுமாற்றத்தை எதிரிதரப்பு வழக்கறிஞர் மறவாதிருந்ததும் நியாயமே.

நீதிமன்றங்கள் இம்முறையினை எவ்வாறு ஏற்றன என்பது தனியொரு வரலாறு. அறிவியற் சாட்சியம் அத்துறையினரிடையே பொதுவாக ஏற்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது, பொய்யறியும் கருவி பற்றிய 1923 ஆம் ஆண்டு வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் வகுத்த விதி. பன்னிரு படிமுறை அறிவியலா, அன்றி அனுபவமா? மினசோட்டா மாநில உயர்நீதிமன்றம் 1994 இல் நுட்பமானதொரு விடை கூறிற்று. விழித்துள்ளற் சோதனை அறிவியற் சோதனையே. அது தேர்ந்து ஏற்கப்படும். ஏனைய படிகளோ கவனமும் பயிற்சியுமுள்ள அதிகாரி ஒருவர் பார்க்கவேண்டியவற்றின் பட்டியலேயன்றித் தனி அறிவியல் அல்ல என்றது. 2000 இல் வாஷிங்டன் மாநில உயர்நீதிமன்றம் இச்சாட்சியத்தை ஏற்றும், அறிவியல் நிச்சயத்தின் ஒளிவட்டத்தை அதற்குச் சூட்டுமாறு அதிகாரி பேசலாகாது, குருதியில் இத்துணை அளவு மருந்து இருந்ததென ஊகித்துரைக்கவும் கூடாது என வரம்பு கட்டிற்று. கனடா 2008 இல் இப்பரிசோதனைக்கு உட்படுவதைச் சட்டத்தாற் கட்டாயமாக்கியது. 2017 இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், இவ்வதிகாரியின் நிபுணத்துவத்தை ஒவ்வொரு வழக்கிலும் தனி விசாரணையால் நிறுவவேண்டியதில்லை எனத் தீர்த்தது. குறுக்கு விசாரணைக்கான வழி மட்டும் திறந்து விடப்பட்டது. அதே ஆண்டில் மசச்சூசெற்ஸ் மாநில நீதிமன்றமோ எதிர்த்திசையிற் சென்றது. நடையும் ஒற்றைக்கால் நிலையும் மதுவுக்காக ஆராயப்பட்டவை. கஞ்சாவுக்கு அவை பொருந்துமென நிறுவப்படவில்லை. ஆதலின், சாரதி அவற்றிற் தேறினார், தவறினார் எனச் சொல்லாது, கண்டதைக் கண்டவாறே பொலிசார் கூறலாம் என்றது. ஒரே ஆண்டில் அயல்நாடுகள் இரண்டின் நீதிபதிகள் இவ்வாறு வேறுபட்டமை, இச்சாட்சியத்தின் தகுதி இன்னும் முடிவுறாத வினாவாக இருந்தமையைக் காட்டும்.

மருந்துக்கு மூச்சு இணங்கிக் கொடாமையால் குருதியை நாடவேண்டியிருந்தது. குருதியை நாடியவுடன் அரசியலமைப்பு குறுக்கிட்டது. 1966 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம், விபத்தின்பின் வைத்தியசாலையிற் கிடந்த சாரதியின் மறுப்பை மீறிக் குருதி எடுக்கப்பட்டமையை ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் ஏற்றது. தனக்கெதிராகத் தானே சாட்சி கூறாதிருக்கும் உரிமை வாய்ச்சொல்லைக் காக்குமேயன்றிக் குருதியைக் காவாது என்பது அதன் நியாயம். 2016 இல் அதே நீதிமன்றம், கைதின்பின் மூச்சை நீதிபதியின் ஆணையின்றிச் சோதிக்கலாம், குருதியை அவ்வாறு எடுத்தலாகாது எனப் பிரித்தது. மதுவழக்குகளை இத்தீர்ப்பு அதிகம் பாதிக்கவில்லை. மருந்து வழக்குகளிலோ ஆணை பெறக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும், முன்னர்க் கூறியவாறு, சாட்சியத்தைக் கரைக்கும் நேரமாகும்.

குருதிக்கும் மூச்சுக்கும் இடைப்பட்டதாக உமிழ்நீர் வந்தது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1976 இல் எழுமாற்று மூச்சுச் சோதனையைத் தொடங்கிப் பெயர்பெற்றது. அதே மாநிலம் 2003 இற் சட்டமியற்றி, 2004 டிசெம்பரில் உலகின் முதலாவது எழுமாற்று உமிழ்நீர்ச் சோதனையை வீதியோரத்தில் ஆரம்பித்தது. கஞ்சாவும் மெதம்பெற்றமீனும் முதலிற் தேடப்பட்டன. எக்ஸ்டஸி 2006 இற் சேர்க்கப்பட்டது. இங்கு மயக்கம் எண்பிக்கப்படவேண்டியதில்லை. பொருளின் இருப்பே குற்றம். தொடக்க நாளன்று செய்தியாளரும் படப்பிடிப்பாளரும் சூழ்ந்திருக்க நடைபெற்ற சோதனையில், சாரதி ஒருவர் போதைப்பொருள் பாவித்தவராக அறிவிக்கப்பட்டார். அவரது முகம் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பரவிற்று. சில நாட்களின்பின் ஆய்வுகூட முடிவு வெளிவந்தபோது, வீதியோரக் கருவி காட்டியது பிழையெனத் தெரிந்தது. வீதியோரச் சோதனை ஐயத்துக்கு வாயிலேயன்றித் தீர்ப்பன்று என்பதைச் சட்டநூல்களிலும் இந்நிகழ்ச்சி நன்கு விளக்கிற்று. எனினும் அவ்விளக்கத்தின் விலையை ஒரு தனிமனிதர் கொடுக்க நேர்ந்தது.

பிரித்தானியா இதற்குப் பின்னரும் பத்தாண்டுகள் தாமதித்தது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வீதியோரத்திற் திறன்குன்றற் சோதனை செய்யும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்கியது. ஆனால் வழக்குகள் மிகச் சிலவே நிலைத்தன. சேர் பீற்றர் நோத் 2010 இற் சமர்ப்பித்த மீளாய்வின் பின்னர், எண்ணை அடிப்படையாகக் கொண்ட புதிய குற்றம் 2013 இல் இயற்றப்பட்டு 2015 மார்ச் 2 ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோதமான பொருள்களுக்கு மிகத் தாழ்ந்த எல்லைகளும், வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துகளுக்கு விபத்து வாய்ப்பினை நோக்கி வகுத்த உயர்ந்த எல்லைகளும் விதிக்கப்பட்டன. கஞ்சாவின் கூறுக்கு ஒரு லீற்றர் குருதியில் 2 மைக்கிரோகிராம்; கொக்கெயினுக்கு 10; டயஸிபாமுக்கு 550. கஞ்சாவுக்கு அரசு நியமித்த நிபுணர் குழு பரிந்துரைத்தது 5 ஆகும். அதனை அரசு 2 ஆக்கியது. சட்டவிரோதமான பொருளைச் சகிப்பதில்லை என்ற கொள்கையே இதன் காரணம். அறிவியல் ஓர் எண்ணையும் அரசியல் மற்றோர் எண்ணையும் சொன்னபோது எது வென்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. வைத்தியரின் அறிவுறுத்தற்படி மருந்து உட்கொண்டவர்க்குத் தனியொரு எதிர்வாதமும் அச்சட்டத்தில் அளிக்கப்பட்டது. 1957 இன் இன்சுலின் நோயாளி போன்றோரை நோக்கிய இரக்கம் அரை நூற்றாண்டு கழிந்து வந்தது போலும்.

எண் வந்தமையால் ஐயம் ஒழிந்துவிடவில்லை, அது இடம்மாறிற்று. கோட்டில் நடந்த சாரதியின் கால்களை ஐயுற்ற வழக்கறிஞர், இப்பொழுது ஆய்வுகூடத்தின் கைகளை ஐயுறலாயினர். 2017 இல் மான்செஸ்டர் நகரின் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் நச்சியற் சோதனைத் தரவுகள் மாற்றப்பட்டிருக்கலாமென்ற குற்றச்சாட்டு வெளிப்பட்டது. ஏறக்குறைய 10,000 வழக்குகளின் சோதனைகள் ஐயத்துக்குள்ளாயின. அவற்றுட் பெரும்பாலானவை போதையில் வாகனஞ் செலுத்துதல் போன்ற வீதிக் குற்றங்கள். மீளச் சோதிக்க முற்பட்டபோது, சில மாதிரிகளிற் குருதி போதவில்லை, சில பழுதடைந்திருந்தன. வழக்குகள் சில கைவிடப்பட்டன; தீர்ப்புகள் சில நீக்கப்பட்டன. தள்ளாடிய கால்களைக் கண்ட வைத்தியரை யூரிமார் முன் நிறுத்தி வினாவலாம். தாளில் அச்சாகிய எண்ணை வினாவுதற்கு எதிரிக்கு அறிவும் பணமும் வேண்டும். பெரும்பாலோர் எண்ணைக் கண்டவுடன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவர். இதுவே இவ்விடயத்திற் கவலைக்குரியது.

எண்ணின் உட்பொருளும் வினாவுக்குள்ளாயிற்று. அமெரிக்காவின் வேர்ஜினியா பீச் நகரில் நடைபெற்று 2015 இல் வெளியான ஆய்வு, விபத்துக்குட்பட்ட 3,000 சாரதிகளையும் ஏனைய 6,000 சாரதிகளையும் ஒப்பிட்டது. கிறான்ட் றபிட்ஸ் ஆய்வின் வழித்தோன்றல் என அதனைக் கொள்ளலாம். மதுசாரத்தைப் பொறுத்தவரை பழைய வளைகோடு மீண்டும் தெளிவாக எழுந்தது. கஞ்சா பாவித்தோருக்கு விபத்து வாய்ப்பு முதலில் 1.25 மடங்கெனத் தோன்றியது. ஆயின் வயது, பால், இனம், மதுசாரம் ஆகியவற்றை ஈடுசெய்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு எஞ்சவில்லை. கஞ்சா திறனைக் குன்றச் செய்வதில்லை என இதற்குப் பொருள் கொள்ளல் தவறு. ஆய்வுகூடச் சோதனைகள் அக்குன்றலை ஐயந்திரிபறக் காட்டியுள்ளன. குருதியில் இருப்பு என்பதும் மயங்கிய வேளையில் வாகனஞ் செலுத்துதல் என்பதும் ஒன்றல்ல என்பதே அதன் பொருள். அரிசோனா மாநில உயர்நீதிமன்றம் 2014 இலேயே இதனை உணர்ந்து, மயக்கம் விளைவிக்காத எச்சப்பொருள் மட்டும் குருதியிற் காணப்படின் குற்றமாகாது எனத் தீர்த்திருந்தது. கஞ்சாவை அனுமதித்த வாஷிங்டன் மாநிலம் ஒரு மில்லிலீற்றர் குருதியில் 5 நனோகிராம் என எல்லை வகுத்தது. அதே எண்ணைக் கொலராடோ மாநிலம் மயக்கத்துக்கு அனுமானமாக மட்டுமே கொண்டது. கனடா 2018 இல் 2 எனவும் 5 எனவும் இரு படிகளில் வகுத்து, கஞ்சாவும் மதுசாரமும் சேர்ந்திருப்பின் வேறோர் எல்லையைக் கூட்டியது.

ஜேர்மனியின் வழி இவற்றுள் மிக நிதானமானது. 1998 இல் அந்நாடு குருதியிற் போதைப்பொருள் இருத்தலையே தண்டத்துக்குரிய மீறலாக்கியது. ஆய்வுகூடக் கருவிகள் நாளடைவிற் கூர்மையடைந்து, முன்னர்க் காணமுடியாதிருந்த துளிகளையும் காட்டலாயின. சட்டத்தின் ஒரு சொல்லும் மாறாதிருக்கவே, கருவி நுட்பமாகுந்தோறும் குற்றத்தின் எல்லை விரிந்துசென்றது. பல மணி நேரத்துக்கு முன்னர் கஞ்சா புகைத்துப் பின் வாகனஞ் செலுத்திய ஒருவரின் முறையீட்டில், 2004 டிசெம்பர் 21 ஆந் திகதி கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இதனைத் தடுத்தது. சாரதியின் திறன் குன்றியிருக்கக்கூடும் என எண்ணத்தக்க அளவு காணப்பட்டாலன்றித் தண்டம் ஆகாது என்றது. அதன்பின் ஒரு மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்னும் அளவு இரு பதிற்றாண்டுகள் வழக்கிலிருந்தது. 2024 இற் கஞ்சா பற்றிய சட்டம் தளர்த்தப்பட்டபோது, நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி அவ்வெல்லை 3.5 நனோகிராமாக உயர்த்தப்பட்டு அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்தது. கஞ்சாவுடன் மதுவும் அருந்தியோர்க்கும், 21 வயதுக்குட்பட்டோர்க்கும், உரிமம் பெற்று நன்னடத்தைக் காலத்தில் உள்ளோர்க்கும் அச்சலுகை வழங்கப்படவில்லை.